வெள்ளை அட்டை பிடித்த லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரருக்கு வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரைத்தான் அவருடைய சபை, வட்டாரப் பேரவைக்குப் பிரதிநிதியாக அனுப்பியது. இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கேட்ட மற்ற இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் போகிற காரியம் பெரிது. நாற்பது குடும்பம் உள்ள அந்தச் சபைக்கு நாலு வருஷமாகப் போதகர் இல்லை. போன வருஷம் லிஃப்ட்காரரின் அம்மா இறந்தபோது, வெளியூர்ப் போதகர் வந்து சேரும்வரை பெட்டியை வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு மணி நேரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது பேரவையில் தீர்மானம் வந்துவிட்டது: அந்தச் சபைக்கு ஒரு போதகரை நியமிக்கலாமா? தோற்றால் பெரிய சபையோடு சேர்த்துவிடுவார்கள், ஆலயத்துக்குப் பூட்டுத்தான்.

பேரவையின் விதிப்புத்தகம் நாற்பது பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து அதைக் கரைத்துக் குடித்தார். போதகர்கள் ஓட்டு தனி, சபைப் பிரதிநிதிகள் ஓட்டு தனி. இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் விழுந்தால்தான் தீர்மானம் தேறும். இதை மனைவிக்கு மூன்று முறை விளக்கினார்.

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள், வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டபடி.

அந்தச் சட்டைதான் வினை. மண்டப வாசலில் நின்ற தொண்டர் இவரை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க ஐயா, முன்னாடி வாங்க," என்று மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்து, கையில் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்தார். வெள்ளை போதகர்களுக்கு, பச்சை பிரதிநிதிகளுக்கு. விதிப்புத்தகத்தில் இது கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் எழுதிவைப்பார்கள்? முதல் தடவை வந்தவருக்கு நல்ல காற்று கிடைத்ததே என்று சந்தோஷம்.

விவாதம் சூடாக நடந்தது. எதிர்த்துப் பேசியவர் பெரிய சபைப் போதகர். ஊழிய மேற்பார்வைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர், கறாரான மனுஷர்.

"போதகரை அனுப்பினா மட்டும் போதுமா? அவர் வேலையைக் கவனிக்கணும், தப்புன்னா முகத்துக்கு நேரா கேக்கணும். அதுக்கு உள்ளூர்ல ஒரு குழு வேணும். நாப்பது குடும்பத்துல அப்படி ஆள் எங்க இருக்கு?"

லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நாக்கு எழும்பவில்லை. அட்டையைத் தூக்கச் சொன்னபோது மட்டும் கை விட்டத்தைத் தொடுகிற மாதிரி எழும்பியது.

செயலர் வாசித்தார். பிரதிநிதிகள்: ஆதரவு ஐம்பத்திரண்டு, எதிர்ப்பு நாற்பத்தொன்பது. போதகர்கள்: ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பது. தீர்மானம் நிறைவேறியது!

லிஃப்ட்காரர் நாற்காலியில் துள்ளினார். பக்கத்திலிருந்த வயதான போதகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம பக்கம் ஒரே ஓட்டுல பொழச்சுது, போதகரே!"

"நான் போதகர் இல்லீங்களே ஐயா. லிஃப்ட் ரிப்பேர்."

வயதானவர் வெள்ளை அட்டையைப் பார்த்தார். இவரும் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்துக் கொட்டியது. அந்த முப்பத்தொன்றில் ஒன்று இவருடையது. எடுத்துவிட்டால் முப்பதுக்கு முப்பது; தீர்மானம் விழுந்துவிடும்.

"பேசாம இருங்க," என்று வயதானவரே முணுமுணுத்தார். "யாரு திரும்ப எண்ணப் போறா?"

பேசாமல் இருக்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுதான் அவருக்குப் பிறவியிலேயே வருமே. அம்மாவின் பெட்டி கண்முன் வந்து நின்றது. ஆனால் இந்த ஓட்டில் வருகிற போதகர் பிரசங்க மேடையில் நின்று உண்மையைப் பேசும்போது, கீழே எந்த முகத்தோடு உட்காருவது? செயலர் அவைக்குறிப்பில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். லிஃப்ட்காரர் எழுந்தேவிட்டார்.

"ஐயா, நிறுத்துங்க! இருபத்திமூணாம் பக்கம்! ஓட்டுல தப்பு இருந்தா கையெழுத்துக்கு முன்னாடி மறு ஓட்டு! தப்பு என்னோடதுங்க. நான் அந்த நாப்பது குடும்பத்துச் சபைப் பிரதிநிதி. போதகர் அட்டையில ஓட்டுப் போட்டுட்டேன்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் எல்லோருக்கும் கணக்கு புரிந்தது. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பேரவைத் தலைவர் மறு ஓட்டுக்கு உத்தரவிட்டார். லிஃப்ட்காரர் கையில் பச்சை அட்டையோடு மண்டபத்தின் கடைசிக்கு நடந்தார். வந்த பாக்கியத்தைக் காலால் உதைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

பிரதிநிதிகள் ஐம்பத்துமூன்று. சரி. போதகர்கள் பக்கம் செயலர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். இருபத்தொன்பது... முப்பது... விரல் நின்றது. முன்வரிசையில் பெரிய சபைப் போதகரின் வெள்ளை அட்டை எழும்பியிருந்தது.

"முப்பத்தொன்று," என்றார் செயலர்.

லிஃப்ட்காரர் மனைவிக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடினார். பெரிய சபைப் போதகர் பின்னாலேயே வந்து மறித்துக்கொண்டார்.

"சந்தோஷப்படுறது இருக்கட்டும். உங்க ஊர்ல போதகரைக் கவனிக்கப் போற குழுவுக்கு நீங்கதான் தலைவர். ஆள் இல்லன்னு சொன்னேன், ஆளை நானே பார்த்துட்டேன். மூணு வருஷம் கழிச்சு சோதனைக்கு வருவேன், விடமாட்டேன்."

"வாங்கய்யா, வாங்க!" என்றார் லிஃப்ட்காரர். அதற்குள் போனில் மனைவி எடுத்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"போதகர் வர்றாருடி!"

"யாரு?"

"யாருன்னு தெரியல. ஆனா வர்றாரு!"

அந்தப் பக்கம் அவள் போனைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடி, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.