பாடு போட்டுப் படித்த நாவல்

ஒரு நாவலைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டுப் படித்த ஊர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர் ஒன்றுதான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல் திட்டில் எங்கள் குப்பம் இருந்தது. தீப்பெட்டி தீர்ந்தாலும் படகேறித்தான் போக வேண்டும். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊருக்குள் அச்சடித்த காகிதம் வருவதென்றால் ஒன்று கல்யாணப் பத்திரிகையாக வரும், இல்லையென்றால் பக்கோடா மடித்த தாளாக வரும். அப்படிப்பட்ட ஊருக்கு என் அக்கா ஒரு முழு மாத நாவலைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

மீஞ்சூரில் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அங்கே இருந்த ஒரு பெண் கொடுத்தது. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே தாவணிக்குள் மறைத்து வைத்துப் பாதி படித்துவிட்டாள். படகில் ஏறியபோது அம்மா பார்த்துவிட்டாள். பிடுங்கி, வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். வயசுப் பெண் கையில் நாவல் இருந்தால் அடுப்பில் சோறு தீயும் என்பது அம்மாவின் கட்சி.

ஆனால் அக்கா வாயைப் பூட்ட முடியுமா? பாதிக் கதையை எங்கள் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். அதில் ஒரு பெண் வருகிறாள். தகப்பனார் பாட்டு வாத்தியார், கருவேப்பிலைக்குக்கூட வாசம் அதிகம் என்று ஒதுக்குகிற சைவக் குடும்பம். அவர்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு நாள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒருவன் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். குடித்துவிட்டு, "மறுபடி வருவேன்" என்கிறான். வண்டி போய்விடுகிறது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் தினமும் செம்பில் தண்ணீரோடு போய் அந்த நடைமேடையில் நிற்கிறாள். சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை, வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் துரத்திவிடுகிறாள்.

இதைக் கேட்ட பெண்கள் மீன் காயப்போடுகிற இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "தண்ணி குடிச்சவனுக்கு இவ்ளோ வெயிட்டா?" என்று ஒரு கட்சி. "ஒனக்கு இன்னா தெரியும், அவ மனசு அவளுக்குத்தான்" என்று இன்னொரு கட்சி. நாவலை எங்களிடம் கொடு, நாங்களே படித்துக்கொள்கிறோம் என்று எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களெல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்தாள். கடற்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. நாவலின் ஓரத்தில் அடித்திருந்த பின்கள் துருப்பிடித்து இற்றுப்போய், புத்தகம் கட்டுக் கட்டாகக் கழன்று வந்தது.

"நல்லதாப் போச்சு. பாடு போட்டுக்குங்க" என்றாள் அம்மா.

பாடு என்பது எங்கள் ஏரியில் இறால் பிடிக்கிற முறை. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான், வலை நிறைய. எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். மறுநாள் இடம் மாறும். கைதேர்ந்தவனானாலும், வலை பிடிக்கவே தெரியாதவனானாலும், வீட்டுக்கு ஒரு பாடு உண்டு. அன்றைக்கு அங்கே விழுந்தது அந்த வீட்டுக்குச் சொந்தம். அடுத்தவன் வாய் திறக்கக் கூடாது. இதைக் கடல் அம்மாவே வந்து சொன்ன மாதிரி எங்கள் ஊரில் எல்லோரும் மதித்தார்கள்.

நாவலின் கட்டுகளுக்கும் அதே நியாயம் வந்தது. வீட்டுக்கு ஒரு கட்டு, பொழுது சாய்ந்தால் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சீட்டு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. நடுக்கட்டு கிடைத்த வீட்டுப் பெண்கள், "யாருடி இந்த ராமநாதன், நடுவுல பூந்துட்டான்?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். யாருக்கும் வரிசையாகக் கதை கிடைக்கவில்லை. அதனால் யாரும் குறைப்பட்டதாகவும் தெரியவில்லை.

கடைசிக் கட்டு விழுந்தது எதிர்வீட்டு மாமாவுக்கு. அந்த வீட்டில் மாமா, அத்தை, கைக்குழந்தை மூன்று பேர். மூன்று பேருக்கும் எழுத்து தெரியாது. "மாத்திக்கலாமா மாமா? சாயந்திரம் நானே வந்து படிச்சிக் காட்டறேன்" என்று அக்கா கெஞ்சினாள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பாடு மாற்றினால் சண்டை வரும் என்று அவருடைய தகப்பனார் சொல்லியிருந்தாராம். தம் பங்கைக் கையிலெடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து, அதில் புகையிலையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஏரிக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டுகிறவர் இடுப்பில் காகிதம் என்ன ஆகும்? சாயந்திரம் கூழாகத் திரும்பி வந்தது.

அக்கா அழுதுகொண்டே கேட்கப் போனாள். மாமா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "என் பாட்டுக்கு வுழுந்ததுதானே? எறாவ நான் துன்னாலும் கருவாடு போட்டாலும் யாராவது கேட்டீங்களா? இத்த மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" ஊர் நியாயம் அவர் பக்கம் இருந்தது.

மிச்சமிருந்த கதை இப்படி முடிந்தது: வண்டி வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, யாரோ ஒருவன் படியில் கால் வைக்கிறான், அவள் செம்போடு ஓடுகிறாள். அப்புறம் பக்கம் இல்லை.

மற்றப் பெண்கள் நாலு நாள் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அக்காவால் மட்டும் முடியவில்லை. "அவன் எறங்கினானா இல்லியா?" இதே கேள்விதான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். தலை சிக்குப் பிடித்தது. மத்தியானமானால் படகுத் துறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே பழவேற்காட்டிலிருந்து இறால் வியாபாரிக்கு ஐஸ் கட்டி கொண்டுவருகிற ஒரு பையன் உண்டு. என்னைப் பார்த்தால் ஒரு சில்லு உடைத்துக் கொடுத்து, "இது ஒங்க அக்காவுக்கு" என்று இன்னொரு சில்லும் கொடுப்பான். மழை தொடங்கியதிலிருந்து அவன் வரவில்லை. யாரோ ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார், அவர் யாருக்கும் எதுவும் உடைத்துக் கொடுக்கிறவர் இல்லை. அக்காவுக்கும் என்னைப் போலவே ஐஸ் ஏக்கம் என்று நான் நினைத்து, துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. முதலில் திட்டினாள். "கதைல கீறவ துன்னலன்னா நீ இன்னாத்துக்குடி பட்டினி கெடக்கற?" அப்புறம் பழவேற்காட்டுத் தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். கயிறு நழுவுகிற அளவுக்குக் கை இளைத்தபோது அம்மாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. என் பெண் இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்று நைனாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், சொல்லி அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அம்மா கருவாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் புறப்பட்டாள். "கடைக்காரன்கிட்ட அந்தக் கதையோட முடிவக் கேட்டுக்கினு வரேன்" என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா வாசல்வரை வந்தாள். நாவலின் பெயரை அம்மாவை மனப்பாடம் செய்ய வைத்தாள்.

பொன்னேரியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கயிற்றில் நாவல்கள் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கின. அம்மா பெயரைச் சொன்னாள்.

"அது மூணு மாசத்துக்கு முந்தினதும்மா. மிச்சமெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்."

"புக்கு வேணாம் அண்ணே. அந்த ரயில்ல வந்தவன் எறங்கினானா இல்லியா, அத்த மட்டும் சொல்லு, போதும்."

கடைக்காரர் சிரித்தார். "நான் விக்கறவன்மா, படிக்கறவன் இல்ல. இத்தனையும் படிச்சா எனக்குப் பைத்தியம் புடிச்சிடாது?"

அம்மா சிரிக்கவில்லை. கூடையிலிருந்து நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நல்லா யோசிச்சிப் பாரேன் அண்ணே. யாராச்சும் சொல்லிக் கேட்டிருப்ப." அவர் நிஜமாகவே யோசித்தார் பாவம். தெரியவில்லை என்றார். கருவாட்டைத் திருப்பிக் கொடுத்தார், அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது படகில் அம்மா ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு தடவை தனக்குத் தானே சிரித்தாள். பயம் வந்து நான் ஒட்டி உட்கார்ந்தேன். கரை நெருங்கியபோது, "நீ வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றாள்.

சாயந்திர வெளிச்சம் இன்னும் இருந்தது. நைனா வாசலில் கிழிந்த வலையை விரித்து வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஓடி வந்தாள். அம்மா கூடையை இறக்கி, காலை நீட்டி உட்கார்ந்து, "எல்லாம் சொன்னாரு கடைக்காரரு" என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

"அவன் எறங்கல. எறங்கினது வேற யாரோ கெழவன்."

அக்காவின் முகம் சுருங்கியது.

"அப்பறமும் அவ போவாம இருக்கல. டெய்லி கரைக்குப் போயி நின்னுக்கினே இருந்தா."

"கரை ஏது? ரயில் டேஷன்" என்றேன்.

"டேஷனுக்குப் பக்கத்துல கரை இருக்கக் கூடாதா? கம்முனு கெட." அம்மா அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள். "அவங்க வூட்ல அடிச்சாங்க, கயிறு கட்டினாங்க, எதுவும் ஆவல. ஒரு நாளு நல்ல ஈரக் காத்து. காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நின்னுக்கினு இருக்கறா, பக்கத்துல இழுத்து வெச்ச படகுல யாரோ எறாக் கொழம்பு கொதிக்க வெச்சிருக்காங்க. அந்த வாசன வந்துது பாரு..."

"அவ சைவம்மா!" என்று அக்கா சொன்னாள். சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு.

"சைவமோ இன்னாவோ, பசிக்குத் தெரியுமா? வயித்துக்குள்ள யாரோ கூப்புட்ட மாரி இருந்துச்சாம். வெக்கத்த வுட்டுட்டுப் படகுகிட்டப் போயி நின்னா. கொழம்பு வெச்சவன் யாரு, எவருன்னு ஒரு வார்த்த கேக்கல. ஏன் அழுவறன்னு கூடக் கேக்கல. தட்டுல சோத்தப் போட்டு முன்னால வெச்சான். துன்னா. அழுதுக்கினே துன்னா. துன்னத் துன்ன, அவன் மொகம் எப்பிடி இருந்துச்சின்னே அவளுக்கு மறந்துபூச்சி."

"யாரு மொகம்?"

"அதான், வரன்னு சொன்னவன் மொகம். மூணு தட்டு துன்னாளாம்."

வாசலில் வலை ஊசி நின்றது. நைனா தலை நிமிரவில்லை. வலையைப் பார்த்துக்கொண்டே, "நாலு" என்றார்.

அம்மா கையில் கிடைத்த கூடை மூடியை அவர் மேல் வீசினாள். வீசிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நைனாவும் தோள் குலுங்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். புதிதாக யாரோ வீட்டுக்கு வந்திருப்பதைப் போல வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்த் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அம்மா சொன்னது முழுப் பொய் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும், வாய்தான் திறக்க முடியாது. நைனாவோ படிக்கத் தெரியாதவர், அன்றைக்குப் பொன்னேரிக்கும் வராதவர். ஒரு மனுஷி அப்போதுதான் இட்டுக்கட்டிச் சொல்கிற கதையில் போய் மூன்று இல்லை, நாலு என்று கணக்குத் திருத்துகிறாரே, இவ்வளவு வெகுளியாக ஒரு தகப்பனா என்று அவரை நினைத்து அன்று ராத்திரி எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.