மகள் தூக்காத பிள்ளை

உங்களுக்கு என்னத்துக்கு உந்த விடுப்பு விசாரணை? பிள்ளை பிறந்த வீடென்றால் எத்தனை கிலோ, ஆருடைய சாயல் என்று கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக வேண்டும். தாய் ஏன் பிள்ளையைத் தூக்கவில்லை என்று துருவக்கூடாது. சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அயலுக்குச் சொன்னது வேறு.

என் மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்த தொடக்கத்திலேயே காலில் இரத்தம் கட்டியது. அது நெஞ்சுக்கு ஏறினால் ஆபத்து என்று, இரத்தம் உறையாமல் இருக்க ஊசி கொடுத்தார்கள். அன்றிலிருந்து பிள்ளை பிறந்த பின்னும் தினமும் வயிற்றுத் தோலில் தானே குத்திக்கொண்டாள். குத்திய இடமெல்லாம் நாவல்பழம் நசித்ததுபோல் இருக்கும். "மருமோன் பாத்தால் நான் அடிச்சதெண்டெல்லோ நினைக்கப்போறார்" என்று பகிடி விட்டேன்.

கடைசியில் முதுகு நோகிறது என்றாள். வயிற்றுப் பாரம் என்றேன். பிள்ளை பிறந்த பிறகும் நோகிறது என்றாள். வாய்வு என்று சொல்லி உள்ளிப்பூண்டும் மிளகு சீரகம் அரைத்த சரக்குக் கறியும் கொடுத்தேன். பிறகு வேதுத் தண்ணீர். நொச்சியும் பாவட்டையும் அவித்த சுடுதண்ணீரைப் பிள்ளை பெற்றவளின் இடுப்பில் ஓங்கி ஊற்றுவது எங்கள் வழக்கம்.

"அம்மா, காணும், இனி ஊத்தாதேங்கோ."

"வாயை மூடிக்கொண்டு இன்னும் குனி. என்ரை அம்மா எனக்கு ஊத்தினதிலை இது அரைவாசியும் இல்லை."

குனிந்தாள். நிமிரவில்லை.

ஆசுபத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு இரண்டு இடத்தில் நசிந்திருந்தது.

"எலும்புக்குள்ளை பழசை அரிச்செடுக்கிற கலங்களும் இருக்கு, புதுசு கட்டுற கலங்களும் இருக்கு அம்மா," என்றா பெண் டொக்டர். "இந்த ஊசியைக் கனகாலம் போட்டால் சில பேருக்கு அரிக்கிறது கூடிப்போகும்."

"அப்ப கறையானெண்டு சொல்லுங்கோ. மண்ணெண்ணெய் ஊத்தேலாதோ?"

டொக்டர் சிரித்தா. மகள் சிரிக்கவில்லை.

"ஊசியிலை பிழையில்லை. அது இல்லாட்டி இவவே இல்லாமல் போயிருக்கலாம். இனி மருந்தை மாத்துவம். எலும்பு மெல்ல மெல்லத் தேறும். அதுவரைக்கும் குனியக்கூடாது, பிள்ளையைத் தூக்கக்கூடாது."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று மகள் கேட்டாள்.

"பாத்துத்தான் சொல்லலாம். நோ எப்பிடிப் பிடிச்சது? என்ன செய்தனீங்கள்?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்டும் செய்யேல்லை டொக்டர். சும்மா குளிச்சுக்கொண்டு நிண்டனான்."

எனக்கு அதற்குப் பிறகு பகிடி ஒன்றும் வரவில்லை.

பால் குடிக்கிற நேரம் நான்தான் பிள்ளையைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் கிடத்துவேன். குடித்து முடிந்ததும் தூக்குவதற்கு அவள் கை நீளும். பாதியில் நிற்கும். நான் பார்க்காததுபோல் துவாயை மடித்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டைப் போக்குகிற துடக்குக் கழிவுக்கு அயலெல்லாம் வந்தது. மகள் சீலைக்குள்ளே இடுப்புப் பட்டியோடு கதிரையில் இருந்தாள். பிள்ளை என் தோளில்.

"ஏனக்கா, பேத்தியை நீங்களே வைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. "தாய்க்குத் தூக்கப் பஞ்சியோ, சோம்பலோ?"

மகளின் முகம் கறுத்துப்போனது.

"அவள் தா தா எண்டுதான் நிக்கிறாள். நான்தான் குடுக்கேல்லை," என்றேன். "இவளை நான் பெத்த நேரம் என்ரை மாமி எனக்குத் தூக்கத் தரேல்லை. அந்தக் கோவத்தை இப்பதான் தீர்க்கிறன். போய் ஊரெல்லாம் சொல்லுங்கோ, நான் கொடுமைக்காரி எண்டு."