கதவு மூலையில் தொங்கிய கூடு

இது உண்மைக் கதை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். சரி, முழுக் கை வேண்டாம், சுண்டுவிரல் மட்டும் வைக்கிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். உள்ளபடியே சொன்னால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. எனக்கு எதிரே ஆர்லிஸ் டாலக்சன், பக்கத்தில் அவள் புருஷன் வெர்லின். வெர்லினும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகத் தோற்றவர்கள். அவர்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அவர்கள் கதையைச் சொன்னேன். கொஞ்சம் இழுத்துவிடுவேன் என்று அங்கேயும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பீர் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் இரண்டு பைத்தியம் பிடித்தது. ஒன்று, பூவைப் படம் எடுப்பது. பியோனிப் பூவுக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, அது கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். பின்னால் திரையாகத் தொங்குவது வெர்லினின் ஒரே கறுப்புக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு அவன் சாவுக்குப் போனால் முதுகெல்லாம் மகரந்தம். ஒருமுறை சவப்பெட்டிக்குள் இருந்தவரே தும்மினார்.

இரண்டாவது பைத்தியம் மொனார்க் பட்டாம்பூச்சி. பால்செடி இலையை முட்டையோடு ஒடித்து வந்து வலைக்கூண்டில் வைத்து வளர்ப்பாள். புழுக்கள் இலை தின்னும் சத்தத்தில் இரண்டு மைல் தள்ளி எனக்குத் தூக்கம் கெடும். ஏதாவது புழு ஏடாகூடமான இடத்தில் கூடு கட்டிவிட்டால், கூட்டின் காம்பில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைக் கட்டி வேறு இடத்தில் தொங்கவிடுவாள். புழு வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது.

கோடை முடிவில் அவள் பறக்கவிடும் பூச்சிகள் மெக்சிகோ வரைக்கும் போகின்றன. அவள் எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை. போனால் புழுவுக்கு யார் இலை வைப்பது?

போன ஜூனில் மில்வாக்கி நகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவளுடைய பியோனிப் படத்தைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் திறப்பு. படத்துக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். ஆர்லிஸ் நீலக் கவுன் ஒன்று வாங்கினாள். இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு.

வெர்லின் முகம் உப்பு இல்லாத உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு நாளா? நான் என்னத்தைச் சாப்பிடுவேன்? உன் புழுவெல்லாம் என்னத்தைச் சாப்பிடும்?"

"நீயும் அதுங்களோட சேர்ந்து இலையைத் தின்னு."

கண்காட்சிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் வெர்லின் கத்தினான்: "ஆர்லிஸ், கண்ணு, கதவைத் தொறந்துடாத!"

வாசல் நிலையின் உள்பக்க மேல் மூலையில், கதவைத் திறந்தால் சரியாக நசுங்கும் இடத்தில், பச்சைக் கூடு ஒன்று பொன் பொட்டு வைத்துக்கொண்டு தொங்கியது.

பின்கதவை மான்கறி ஃப்ரீசர் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் இருக்கும் மான் உலகப் போருக்கு முன்னால் சுட்டது. அதை நகர்த்தினால் வீடும் கூடவே நகரும். மிச்சம் ஜன்னல்தான். வெர்லின் அது வழியாகப் போய்வந்தான். ஆர்லிஸுக்கு அப்போதுதான் இடுப்பு எலும்பு மாற்றியிருந்தார்கள். ஜன்னலும் ஏற முடியாது, நாற்காலியும் ஏற முடியாது.

"நூலைக் கட்டி அந்தப் பக்கம் மாத்திடேன், வெர்லின்."

"கை நடுங்குது, கண்ணு. கீழ விழுந்து செத்துப்போச்சுன்னா?"

மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகால் கொசு அளவு பொய் ஈ செய்து நூலால் கட்டுகிற கை அது.

அந்த இரண்டு வாரமும் ஆர்லிஸ் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பியோனிகள் அந்த வருடம் முட்டைக்கோஸ் அளவுக்குப் பூத்தன. கண்ணாடி வழியாக எடுத்துப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் பூவுக்கு மேல் அவள் முகமே விழுந்தது. பிறகு ஒரு மழை. எல்லாப் பூவும் மண்ணில் தலை குப்புற. அதையும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். நான் ஜன்னலோரம் நின்று கேலி பேசினால் சிரிக்கக்கூட மாட்டாள். "மேல பாரு, கறுக்குதா?" என்று அதையே கேட்பாள். கறுத்தால் மறுநாள் பூச்சி வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை கறுத்தது. சனிக்கிழமை விடிந்ததும் அவளை மில்வாக்கிக்குக் கூட்டிப்போக என் வண்டியோடு வந்து நின்றேன். செப்டிக் டேங்க் உறிஞ்சும் வண்டிதான், ஆனால் கழுவியிருந்தேன். கூடு வெடித்துப் பூச்சி வந்துவிட்டது. ஈரச் சிறகு கசங்கித் தொங்கியது. அது காய வேண்டும், பிறகு பறக்க வேண்டும், அதுவரை கதவைத் தொட முடியாது. என் வயிறு அந்த ஜன்னலில் நுழையாது. ஆர்லிஸ் நீலக் கவுனில், மடியில் கைப்பையோடு, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேமரா பக்கத்திலேயே இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மதியம் தாண்டித்தான் அது பறந்தது. கதவு திறந்தது. மில்வாக்கியில் அந்நேரம் அவள் படத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஆர்லிஸ் வாசற்படி வரைக்கும் வந்தாள். என் வண்டியைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புழுவுக்கு இலை வைத்தாள்.

விருந்து மேசையில் கதையை இதுவரை சொல்லியிருந்தேன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லவான் மூக்கை உறிஞ்சினாள். "பாவம், அது கடவுள் சித்தம்" என்றாள்.

"கடவுள் சித்தமா இல்லையான்னு எனக்குத் தெரியாது," என்றேன். "அன்னைக்கு அந்தக் காலிக் கூட்டை எடுத்துப் போடலாம்னு கையை நீட்டினேன். கையில நூல் தட்டுப்பட்டுச்சு. பல்லுக்குப் போடுற நூல். புழு தானா வந்து அங்க தொங்கலை, யாரோ கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இந்தத் திங்கக்கிழமை மில்வாக்கிலேருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்காங்களாமே, அதான் சொல்லிட்டேன்."

வெர்லின் நாற்காலி பின்னால் சாய, எழுந்துவிட்டான். "பாத்தீங்களா! இழுத்துவிடுவேன்னு மொதல்லயே சொன்னான்ல? இதான் அந்த இழுவை!"

"இழுக்காத எடம் இது ஒண்ணுதான்டா."

"ஹார்லன்," என்றாள் ஆர்லிஸ். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "அந்தக் கூடு இருக்கா?"

சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூவைப் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்தாள்.

"இது தூண்டில் முடிச்சு."

"இந்த ஊர்ல மீன் பிடிக்காதவன் எவன் இருக்கான், கண்ணு—"

"கண்ணா?" ஆர்லிஸ் எழுந்தாள். "கண்ணா? நாப்பது வருஷத்துல ஏதாவது ஒடைச்சாத்தான் என்னைக் கண்ணுன்னு கூப்பிடுவ!"

"பசியில செத்துருப்பேன்டி!"

"ரெண்டு நாளுல யாரும் சாக மாட்டாங்கடா மாங்கா!" என்று கத்தியது லவான். அவள் அப்படிப் பேசுவாள் என்று பாதிரியாருக்கே தெரியாது. உடனே பின் மேசைக்காரன் ஒருவன், "ஆம்பளைக்கு யாரு சோறு போடுறது?" என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி அவன் தட்டிலிருந்த மீனை எடுத்துக்கொண்டாள். "ஃப்ரீசரை நகத்தியிருக்கலாம்ல?" என்றான் இன்னொருத்தன். "நீ வந்து நகத்தேன்!" என்றான் வெர்லின். ஆர்லிஸ் தீப்பெட்டியை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் தலைக்கு நேராக முட்டைக்கோஸ் சாலட் கிண்ணத்தைத் தூக்கினாள்.