பழைய வீடியோ கேமுக்கு மூன்று வரி விமர்சனம்

புதுச் சாமானைப் பற்றி விளம்பரம் பேசிவிடும். பழைய சாமானைப் பற்றிக் கடைக்காரர்தான் பேசியாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் கஷ்டம்.

எனக்கோ பேச வராது. கல்லூரியில் வருகைப்பதிவின்போது "பிரசன்ட் மேம்" என்று சொன்னதுதான் நான் பொது இடத்தில் ஆற்றிய மிக நீளமான உரை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, தஞ்சாவூரில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையில் நான் சேர்ந்ததற்குக் காரணமே, வருகிறவர்கள் டிவியைத்தான் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் என் இனத்தவரே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

எங்கள் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாமாக்களும் சித்தப்பாக்களும் சூட்கேஸில் கொண்டுவந்து, பிறகு பரணில் போய்த் தூங்கிய கேம் பெட்டிகளும் டிஸ்க்குகளும்தான் எங்களிடம் இருக்கின்றன. அன்றைக்கு விளையாடிய பையன்கள் இன்றைக்கு அப்பாக்கள். பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்க ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடி வருகிறார்கள். கேம்களின் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. கடையில் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதும் இல்லை. கார் கேம், பேய் கேம், வயல் கேம், அவ்வளவுதான்.

அட்டை பிறந்த கதை

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இது எப்படிம்மா இருக்கும்?" நான் பதிலுக்குச் சிரிப்பேன். சிரிப்பைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஆகவே ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு கேமையும் விளையாடிப் பார்த்து, ஓர் அட்டையில் மூன்று வரி எழுதி டிஸ்க் பெட்டியில் ஒட்டிவைக்க ஆரம்பித்தேன். கேட்டால் அட்டையைக் காட்டிவிடலாம், வாயைத் திறக்க வேண்டாம். ஒரு சாகச கேமுக்கு நான் எழுதியது இது: "படம் அழகு. ஆனால் கேமரா நாயகனைத் தவிர எல்லாவற்றையும் காட்டுகிறது. சுவர்களை ரசிப்பவர்கள் வாங்கலாம்."

முதலாளி செல்வம் அண்ணன் ஒருநாள் சாவகாசமாக எல்லா அட்டைகளையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டே போனது. அண்ணன் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் செய்துவிடுவார். "ஏம்மா, பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட பொண்ணு குறட்டை விடும்னு சொல்ற மாதிரி எழுதி வச்சிருக்க. பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். சரக்கு நகரலைன்னா அட்டையை எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, உன் கையில மைக்கைக் குடுத்து வாசல்ல நிறுத்திடுவேன்."

மேட்டூர் எப்போது திறக்கும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரும் எனக்கு மைக்காகத்தான் தெரிந்தார். குடவாசல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர். மகளுக்கு வயல் கேம் வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். திரையில் ஒரு பையன் தன்னந்தனியாகக் கொத்தி, விதைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வாய்க்கால் எங்க?"

"இல்லைக்கா."

"மேட்டூர் எப்ப திறப்பாங்க?"

"அதெல்லாம் கிடையாதுக்கா. பூவாளிதான்."

"மேல்மடைக்காரன் வந்து தண்ணியை மறிக்க மாட்டானா?"

"பக்கத்து வயலே இல்லைக்கா."

அக்கா அந்தப் பையனைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பெட்டியைத் திருப்பி என் அட்டையைப் படித்தார். "விதை, தண்ணீர், தூக்கம். தினமும் இதே வேலை. சீக்கிரம் அலுத்துவிடும்" என்று எழுதியிருந்தேன். அவர் பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அலுத்துப்போகும்னு எழுதியிருக்க பாரு, அது ஒண்ணுதாம்மா இதுல நெசம்."

நம்பும்படி இல்லை

கும்பகோணம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டும் ஒருவர், வண்டி வொர்க்ஷாப்பில் நின்ற நாளில் பொழுதுபோகாமல் வந்தார். கார் திருடும் கேமைக் கேட்டார். அதற்கு என் விமர்சனம்: "நடைபாதையில் ஏறுகிறார்கள், எதிர்த்திசையில் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை. நம்பும்படி இல்லை." அவர் விளையாடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றவர்கள் அந்தக் கேமில் தட்டுத்தடுமாறுவார்கள். இவர் இடப்பக்கம் நுழைந்து, வலப்பக்கம் வெளியேறி, லாரிக்கும் சுவருக்கும் நடுவே காரைச் செருகி, பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருந்தவர்போல ஓட்டினார். ஹாரன் சத்தம் போதவில்லை என்பது ஒன்றுதான் அவருடைய குறை.

வாங்குவார் என்றுதான் நினைத்தேன். வாங்கவில்லை. தினமும் பார்க்கிற வேலையை வீட்டிலும் எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். போகும்போது அட்டையைத் தட்டிக் காட்டி அண்ணனிடம் சொன்னார்: "நம்பும்படி இல்லைன்னு யாருங்க எழுதினது? அவங்களை ஒருநாள் காலையில என் பஸ்ல ஏறச் சொல்லுங்க."

கால்பந்துக்குப் பாகப்பிரிவினை

பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக இருவர், ஆளுக்கொரு சாட்சியோடு வந்தார்கள். சிறு வயதில் கோடை விடுமுறைதோறும் இருவரும் சேர்ந்து ஒரு கால்பந்து அணியை வளர்த்திருக்கிறார்கள். அந்த அணியும் அது ஜெயித்த கோப்பைகளும் ஒரு மெமரி கார்டில், விரல் அகலச் சில்லில், இன்னும் இருந்தன. ஊரில் நிலம், தோப்பு, மாட்டுக்கொட்டகை எல்லாம் பிரித்தாகிவிட்டதாம். இது ஒன்றுதான் பாக்கி. பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கேமின் அட்டையில், "பதினொரு பேருக்கும் ஒரே முகம், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

நான் புதுக் கார்டு ஒன்றில் அப்படியே நகல் எடுத்தேன். இரண்டு டிவியிலும் போட்டுக் காட்டினேன். இருவருக்கும் முழு அணி, எல்லாக் கோப்பைகளும். எந்தத் தாசில்தாராலும் இப்படிப் பிரிக்க முடியாது என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமை. இளையவர் முகம் மலர்ந்தது. மூத்தவர் இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனுக்கும் முழுசாப் போயிடுச்சுன்னா, அப்புறம் எனக்குக் கிடைச்சு என்னம்மா பிரயோஜனம்?"

நல்ல கடல்

மார்கழி பிறந்துவிட்டது. பயத்தில் ஓர் அட்டையைப் பாராட்டியே எழுதினேன். மீன்பிடி கேமுக்கு: "போட்டவுடன் மீன் சிக்குகிறது. மனதுக்கு இதமான கேம்." நாகப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகும் ஒருவர், உறவினர் வீட்டுக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கினார். உட்கார்ந்து தூண்டில் போட்டார், மீன். மறுபடி போட்டார், அதைவிடப் பெரிய மீன். மழை விட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் ஆவலோடு பில் புத்தகத்தை எடுத்தார். வந்தவர் கன்ட்ரோலரைப் பதவிசாகக் கீழே வைத்தார். "இவ்வளவு மீன் கிடைக்கிற கடல் எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா, டீசல் போட்டுட்டு இப்பவே கிளம்புறேன்."

மண்டபத்துக்காரர்

பொங்கல் நெருங்கியபோது வந்தார், புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியவர். மண்டபத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை, அறை முழுக்க டிவி, எல்லாவற்றிலும் பழைய கேம். மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் விலை கூடிய மல்யுத்தக் கேம்களை வரிசையாகப் பரப்பிவிட்டு என் காதருகே சொன்னார்: "அட்டையை மட்டும் கழட்டிடும்மா." கடையிலிருந்த எல்லா அட்டைகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மண்டபத்துக்காரர் நேராக என்னிடம் திரும்பினார்.

"நீங்க இதை விளையாடியிருக்கீங்களாம்மா? எப்படி இருக்கு?"

அட்டை இல்லை. வாய் மட்டும்தான் இருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிஸ்க்கைப் பார்த்துப் பேசினேன். "நல்ல கேம்தான் சார். கல்யாணத்துக்கு வேண்டாம்."

"ஏன்?"

"ரெண்டு பேர் மோதணும் சார். இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பையன் உட்காருவான், அந்தப் பக்கம் பொண்ணு வீட்டுப் பையன். யார் தோத்தாலும் அழுதுக்கிட்டே நேரா பந்திக்குத்தான் ஓடுவாங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப எதைத்தான் வாங்குறது?" என்றார் மண்டபத்துக்காரர். கையிலிருந்த அட்டைக் கட்டை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நடுநடுவே சிரித்தார். ஓர் அட்டையில் நின்றுவிட்டார். ஒரு கார் பந்தயத்துக்கு எழுதியது அது: "நான்கு பேர் ஆடலாம். புழுதியில் யார் எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதும் தெரியவில்லை. வீண்."

"யார் ஜெயிச்சாங்கன்னே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"இதையே எல்லா டிவிக்கும் போடுங்க."

அந்த டிஸ்க் யாரும் சீண்டாமல் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. பெட்டியோடு போனது. போகும்போது அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையில் நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். அவர் மிச்ச அட்டைகளை அடுக்கினார், மீன்பிடி கேமின் அட்டையை மட்டும் உருவி எடுத்தார், மற்றவற்றை என் முன்னால் வைத்தார். "அட்டை இருக்கட்டும்மா. ஆனா இனிமே ஒண்ணையும் பாராட்டாத, எல்லாத்தையும் கொஞ்சம் திட்டியே எழுது."

ஆக, வாடிக்கையாளரிடம் பேசக் கூச்சப்பட்டு எழுத ஆரம்பித்த நான், இன்று எழுதியதற்கு விளக்கம் கேட்டு வருகிறவர்களிடம் கடை சாத்தும்வரை பேசிக்கொண்டிருக்கிறேன்.