அப்பா தொட்டிக்குள் விழுந்த ஞாயிறு

எங்கள் அப்பா பரலோகம் போகமாட்டார் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. ஞாயிறு பள்ளி அக்கா கரும்பலகையில் எழுதியே காட்டினாள். முதலில் விசுவாசம், அப்புறம் ஞானஸ்நானம், அதற்கும் அப்புறம்தான் நற்கிரியை. முதல் இரண்டும் இல்லாதவர் ஊருக்கே உழைத்துக் கொட்டினாலும் வாசலோடு சரி. அப்பாவிடம் மூன்றாவது மட்டும்தான் இருந்தது, அதுவும் வண்டி வண்டியாக இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அப்பா இல்லாத பரலோகத்தில் எனக்கு என்ன வேலை?

அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். அம்மா பிறவியிலேயே கிறிஸ்தவள். அப்பாவோ விபூதி பூசாமல் லாரியில் ஏறமாட்டார். திருமுல்கேரியில் எங்கள் சபையின் மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் சிமெண்டுத் தொட்டி இருக்கும். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஞாயிறுகளில் அதை இனாமாக நிரப்புவது அப்பாதான். நிரப்பிய கையோடு வெளியே போய் லாரியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்பார்.

"உள்ள வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

"நக்கோ கண்ணு, வேணாம், வண்டிய யாரு பாத்துக்கறது?" என்பார். அவ்வளவு பெரிய லாரியை யார் தூக்கிக்கொண்டு போவார்களாம்!

அந்த ஞாயிறு சித்தியின் முறை. வெள்ளைச் சேலை கட்டி மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறாள். பாஸ்டர் ஜெபம் பண்ணுகிறார். செல்போன்கள் எல்லாம் தொட்டியைப் பார்த்து நீண்டிருக்கின்றன. பார்த்தால், தண்ணீர் மளமளவென்று இறங்குகிறது! அடியில் இருந்த அடைப்பு பிடுங்கிக்கொண்டுவிட்டது. கொளுத்தும் வெயில் காலத்தில் இன்னொரு லாரித் தண்ணீருக்கு எங்கே போவது? நான் வெளியே பறந்தேன்.

அப்பா செருப்பை உதறிவிட்டு, போட்ட சட்டையோடு தொட்டியில் குதித்தார். குனிந்து, துழாவி, அடைப்பைத் திணித்துவிட்டார். நிமிர்ந்தபோதுதான் பாசி காலை வாரியது. சர்ரென்று மல்லாக்கச் சாய்ந்து, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முழுசாக உள்ளே போனார்.

அடடா, இதைவிட நல்ல சமயம் வருமா! மேடை ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே, ஆமென்!"

நான் ஆமென் சொல்லவும் அப்பா மேலே வரவும் சரியாக இருந்தது. சபையே கொல்லென்று சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பாவும் வர்றாரு! பரலோகத்துக்கு அப்பாவும் வர்றாரு!" என்று நான் குதித்த குதியில் மேடைப் பலகைகள் அதிர்ந்தன. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

பாஸ்டர் என் தலையைத் தடவினார். "வழுக்கி விழுந்தா அது ஞானஸ்நானம் ஆகாது பாப்பா. விசுவாசிச்சு, அவரா கேக்கணும்."

எனக்கு வந்ததே கோபம்! "ஹவ், ஆகும்! முங்கினாரே! நான்தான் எல்லாம் சொன்னேனே!"

அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே நின்றார். நெற்றி விபூதி கரைந்து கன்னத்தில் வழிந்தது. படி பக்கத்திலேயே இருந்தும் ஏறவில்லை.

"ஐயா" என்றார் இருமிக்கொண்டே. "கேட்டா எனக்கும் குடுப்பீங்களா?"

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. "நீங்க வேற! ஏறி வாங்கண்ணே, சளி புடிச்சுக்கும்" என்று பாஸ்டரும் சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். சட்டையைப் பிழிந்துகொண்டு லாரிக்குப் போய்விட்டார். அவர் காப்பாற்றிக் கொடுத்த தண்ணீரில் சித்தி முழுகி எழுந்தாள்.

அப்பா விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. சபையிலேயே சத்தமாகச் சிரித்தது நான்தான். இந்த முறை அம்மா மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.