மாற்றாள் வரும்வரை

நான் தூதர் என்றால் எங்கள் ஊர் குளுவாங்கில் இன்னும் சிரிக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் கப்பலில் ஓடி, கேப்டனாக ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு குட்டித் தீவுக் குடியரசின் கௌரவத் தூதன். அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. வரி மிச்சமென்று அங்கே பதிந்து, அதன் கொடியோடு ஓடும் கப்பல்கள் ஏராளம். அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட என் அலுவலகப் படி ஏறியதில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவில், ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடி அது. கீழே பல் துளைக்கும் சத்தம்தான் பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை.

போன வருடம் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு வெளியே அந்தக் கொடியோடு ஒரு பழைய கப்பல் நங்கூரத்தில் கிடந்தது. முதலாளி கைகழுவிவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர, சமையல்காரர் மட்டும் மிஞ்சினார். தூத்துக்குடிக்காரர். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது; மாற்றாள் வந்தால்தான் அவர் இறங்கலாம்.

அவர் போன் செய்ததும் படகில் போய் ஏணி ஏறினேன். ஏறியதும் என்ன கேட்டேன் தெரியுமா?

"நங்கூரச் சங்கிலி எப்படி இருக்கு? விளக்கு எரியுதா?"

நாலு மாதம் தனியாகக் கிடந்த மனிதரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. கேப்டன் புத்தி. அவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, "சார், அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆப்பரேஷன். நான் ஒத்தப் பிள்ள. கையெழுத்துப் போட வேற ஆள் இல்ல" என்றார்.

கொடி வெளுத்து நைந்திருந்தது. தினமும் காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிறாராம். "இந்தக் கொடிக்காரங்க ஊரு எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியாது லா" என்றேன். இருவரும் சிரித்தோம். கரைக்குத் திரும்பும்போது எனக்கு அழுகைதான் வந்தது.

எங்கெங்கோ எழுதினேன், பேசினேன். காவலாள் வர இரண்டு வாரமாகும் என்றார்கள். என் மனைவி இங்கே சிகாமட் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, நான் தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் மாற்றுக் கேப்டனுக்காகக் காத்திருந்தேன். வீடு வந்தபோது கருமக்கிரியைகூட முடிந்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை நாலு சட்டையும் மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு படகேறினேன். "தூதர் நீங்க, உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்றார் படகுக்காரர். மாற்றாள் நான்தான் என்றேன்.

கடல் வழக்கப்படி சமையல்காரர் சாவிக்கொத்தையும் ஒப்படைப்புத் தாளையும் தந்தார். பொறுப்பேற்றேன் என்று கையெழுத்திட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. படகு மறைந்த பிறகு தாளைப் படித்தேன். தண்ணீர், டீசல், விளக்கு. கடைசி வரி: "அஞ்சு மணிக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். அப்ப அரிசி களையுங்க சார்."

முதல் இரண்டு நாள் நான் களையவில்லை. பிஸ்கட்டே போதும் என்றிருந்தேன். வியாழக்கிழமை, கொடியை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க சார்!" என்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். என்னை யாராவது அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. கொடியை மடித்து வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன்.