குப்பம்மா என்ன ஆனாள்?

போன வெள்ளிக்கிழமை காலை ராஜாமணி ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே, "பிலோமினா அக்கா போயிட்டாங்க" என்றார். அக்கா லால்குடியில் மகள் வீட்டில் இருந்தது எங்களுக்குத் தெரியும். என் மனைவி, "எப்ப திரும்பி வராங்களாம்?" என்று கேட்டுவிட்டாள். ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

திருச்சியில் கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் ராஜாமணி, அக்கா, நான் மூவரும் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பிலோமினா அவர்கள் அங்கே டைப்பிஸ்ட். பாலக்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வந்துவிடுவார். "சாமியார் பிரசங்கத்துல எழுந்து கேள்வி கேட்க முடியாது தம்பி. இங்க கேட்கலாம்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்துக்குப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். ஒரு பழைய நாவலைப் பற்றிய பேச்சு. செய்யாத குற்றத்துக்குச் சிறை செல்லும் ஜமீன்தார் மகனின் கதை அது. மூன்று தலைமுறை வாசகர்களை அழவைத்த புத்தகம். "அநீதியின் காவியம்" என்று கண் கலங்கச் சொல்லி முடித்தார் பேராசிரியர். கைதட்டல் அடங்கியதும் அக்கா எழுந்தார்.

"ஐயா, குப்பம்மா என்ன ஆனா?"

"எந்தக் குப்பம்மா?"

"ஜமீன் வீட்டு வேலைக்காரி. அட்டிகையைக் காணோம்னு அவளைத் திருடின்னு சொல்லி வெளிய தள்ளிடுறாங்க. அப்புறம் அட்டிகை பூஜை அறையில கிடைக்குது. எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. அவளைப் போய் யாரும் கூப்பிடலையே."

பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். "அது ஒரு சிறு பாத்திரம், அம்மா."

"சின்னப் பாத்திரம்னா பட்டினி கிடக்கலாமா ஐயா?"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் சங்க இலக்கியம் பேச வந்தவரிடமும், அதற்கடுத்து பயணக் கட்டுரை பற்றிப் பேச வந்தவரிடமும், "அது இருக்கட்டும், அந்த நாவல் படிச்சிருக்கீங்களா?" என்று தொடங்கினார். பேச வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அந்த அம்மா உள்ள இருக்காங்களா?" என்று விசாரிக்கும் நிலை வந்தது.

சில வருடங்கள் கழித்து, மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைக் காணோம் என்று எங்கள் மேனேஜர் ஒரு நாள் கூச்சல் போட்டார். அறைகளைப் பெருக்கும் அஞ்சலையை ஹாலுக்கு இழுத்துவந்து, எங்கள் எல்லார் முன்னிலையிலும் திருடி என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார். அஞ்சலை துடைப்பத்தை ஒழுங்காக மூலையில் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கடிகாரம் மேனேஜர் கையில் இருந்தது. வீட்டில் மழைக்கோட்டுப் பைக்குள் கிடந்ததாம். டிரைவர் சொல்லித் தெரிந்தது. மேனேஜர் வாய் திறக்கவில்லை.

அக்கா கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனார். "சார், மணி என்ன?" மேனேஜர் சொன்னார். சற்று நேரத்தில் மறுபடி போனார். "மணி என்ன சார்?"

"சுவர்ல கடிகாரம் இருக்கேம்மா."

"அது ஆபீஸ் கடிகாரம் சார். உங்களோடது நல்ல கடிகாரம்."

மத்தியானத்துக்குள் ராஜாமணியும் போய் மணி கேட்டார். பிறகு நான். டிரைவர்கூடக் கேட்டார். மறுநாள் மேனேஜர் முழுக்கைச் சட்டையில் வந்தார். "கொஞ்சம் கையை மடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

அன்று மாலை மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"அஞ்சலையை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க. போதுமா?"

"போதாது சார். திருடின்னு ஹால்ல வச்சுச் சொன்னீங்க. இல்லைன்னும் ஹால்லதான் சொல்லணும்."

"உங்களுக்கும் இங்க வேலை இருக்கணுமில்ல?"

அக்காவின் கணவர் தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மகள் படித்துக்கொண்டிருந்தாள். "இருக்கணும் சார்" என்றார் அக்கா. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு சொன்னார்: "வேணும்னா நான் டைப் அடிச்சுத் தரேன். நீங்க பார்த்துப் படிச்சாப் போதும்."

மறுநாள் காலை எல்லாரும் எழுந்து நின்றோம். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சலை எடுக்கலை. தப்பு என்னோடதுதான்" என்றார். அஞ்சலை அவரை நேராகப் பார்த்து, "சரிங்க" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்து, மேனேஜர் அறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பெருக்கினார். அந்த அறைக்குள் துடைப்பம் நுழையப் பல நாள் ஆயிற்று. ஏன் என்று கேட்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை.

"பயமா இல்லையா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"பயம் இல்லாம என்ன தம்பி. ஆனா அந்த நாவல் எழுதினவர் செத்துப் போயிட்டார், போய்க் கேட்க முடியாது. இவரு பக்கத்து ரூம்லதானே இருக்காரு."

ஓய்வு பெற்ற பிறகும் அவர் மாறவில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம், சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது. வாழையிலைக் கட்டோடு ஏறிய ஒரு பெண்ணைக் கண்டக்டர் இறங்கச் சொன்னார். அக்கா இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். "கட்டை என் கால்கிட்ட வைங்கம்மா. ஏன் தம்பி, இலைக்கு இடமில்லைன்னு பஸ்ல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

பஸ் புறப்பட்டது. கண்டக்டரிடம் பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், ஜன்னல் வழியாகக் கையை மட்டும் வெளியே நீட்டி எனக்கு ஆட்டினார். பஸ் வளைவில் திரும்பும் வரை அந்தக் கை தெரிந்தது.

போய் வாருங்கள், அக்கா.